பல்செட்காரரின் தாழ்மை

சபையில் அவருக்குத் தாழ்மை அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத்தின்போது அதை ஒரு தடவை சத்தமாகச் சொன்னதோடு சரி, அப்புறம் யாரும் அதைச் சீந்தவில்லை. யார் என்ன பொறுப்புக் கொடுத்தாலும், "ஐயோ, நான் அதுக்குப் பாத்திரன் இல்லீங்க" என்று இரண்டடி பின்னால் போவார். பின்னால் நிற்கிறவர் காலை மிதித்துவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்பார். மூப்பராக நிற்கச் சொன்னார்கள். பாத்திரன் இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொன்னார்கள். அதற்கும் இல்லை. காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பதற்கு என்ன பெரிய பாத்திரம் வேண்டுமோ, அதுவும் இல்லை. சபை உருகிப்போயிற்று. நிறைகுடம் தளும்பாது என்றார்கள். குடத்துக்குள் எட்டிப் பார்த்தவர் யாரும் கிடையாது.

எட்டிப் பார்த்த ஒரே ஆள் அவர் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலையிலிருந்து மாலை வரை கைகால் உதறுகிற மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. ஒருவர் கதவைத் திறந்து ஏறும்போதே இது பயந்த சுபாவமா, பயந்த மாதிரி நடிக்கிற சுபாவமா என்று சொல்லிவிடுவாள்.

"இதுக்குப் பேரு தாழ்மை இல்லங்க, பயம்," என்பாள் கணவரிடம். "பயத்துக்கு வெள்ளச் சட்ட மாட்டி சர்ச்சுக்குக் கூட்டிட்டு வரீங்க. அங்க எல்லாரும் அதுக்கு ஸ்தோத்திரம் சொல்றாங்க."

அவர் மறுக்கமாட்டார். மறுப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே.

கல்யாணத்தன்றே இவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பீடத்துக்கு முன்னால் போதகர், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். மாப்பிள்ளை சற்று யோசித்து, "கர்த்தருக்குச் சித்தமானால்" என்றார். கோயில் நிறைய ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மணப்பெண் முக்காட்டுக்குள்ளிருந்து, "சித்தம்தான், சொல்லுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அது மைக்கில் கேட்டது. அதற்கப்புறம் அவர்களுக்குள் எல்லாம் அப்படியே நடந்தது. சித்தத்தை அவள் அறிவிப்பாள், அவர் கீழ்ப்படிவார். வீடு நிம்மதியாகவே இருந்தது.

வேலை செய்கிற இடத்தில்தான் வினை.

ஒரு பல் கிளினிக்கின் பின்பக்க அறையில் அவருக்கு வேலை. முன்பக்கம் குளுகுளுவென்று இருக்கும். மீன் தொட்டி உண்டு, பழைய பத்திரிகைகள் உண்டு. பின்பக்கம் அப்படி இல்லை. சிங்க்கில் பிளாஸ்டர் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடத்துப் புகை, மூடினால் மெழுகு வாடை. அலமாரியில் யார் யாருடையவோ தாடைகள், வெள்ளைப் பிளாஸ்டரில், ஒன்றும் சொல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து உள்ளே அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, அதையே அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வேகவைத்து, மோட்டாரில் ராவி, மெருகேற்றி முழு செட்டாக வெளியே அனுப்புவார்.

கை நல்ல கை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிழவர் பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டினால், அதில் முன்பல் எவ்வளவு கோணலோ அவ்வளவு கோணலாக நட்டு, சிரித்தால் அசல் பல் என்று பெண்டாட்டியே ஏமாறுகிற மாதிரி செய்யத் தெரிந்தவர். செட் பளபளவென்று மேசையில் இருக்கும்வரை ஒரு குறையும் இருக்காது. நோயாளியின் வாய்க்குள் போன பிறகுதான் சங்கடம் தொடங்கும்.

புது பல்செட் என்பது யாருக்கும் முதல்நாள் பிடிக்காது. வாயில் யாரோ செருப்பை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கும். எச்சில் ஊறும், நாக்குக்கு இடம் போதாது, ஈறு வலிக்கும். பல்செட் செய்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. சில நாள் போட்டுப் பழகச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்த்தால் பாதி வலி தானாகப் போயிருக்கும், மிச்சம் எந்த இடத்தில் ஈறு சிவந்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் ஒரு தொடு தொட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. நம்மவருக்கு அந்தச் சில நாள் இருக்கிறதே, அது ஒத்துவராது. நோயாளி புருவத்தைச் சுருக்கினால் போதும், நேராகத் தன் தலையில்தான் இடி. நான்தான் தப்பாகச் செய்துவிட்டேன், எனக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது என்று செட்டைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடுவார். மோட்டார் உறுமும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம். அச்சு மாறாமல் அண்ணத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய செட், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, கடைசியில் எதையும் பிடிக்காது. அன்றைக்கு நோயாளி, "ஆஹா, இப்ப வலியே இல்ல," என்று கும்பிட்டுவிட்டுப் போவார். மறுவாரம் கும்பிடமாட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேரனை அதட்டப் போய், மேல்வரிசை தனியே பறந்து பேரன் மடியில் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவருக்குப் பயப்படுவதில்லை. இன்னொரு அம்மாள் தும்மினார். மீதியைச் சொல்ல வேண்டாம்.

ஜெபம் பண்ணாமல் அவர் எதையும் தொடமாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டர் கரைக்கும்முன் ஜெபம், பல் நடும்முன் ஜெபம், அடுப்பில் ஏற்றும்முன் ஜெபம். ஆண்டவரே, என்னால் ஆகாது, நீர்தான் இதைச் சரியாக வரப்பண்ண வேண்டும் என்பார். சரியாகவும் வரும். வந்த பிறகு நம்பமாட்டார். வேதத்தில் வருகிற கிதியோன்கூட, சண்டைக்குப் போ என்ற கர்த்தரை ஓர் ஆட்டுத்தோலை வைத்துச் சோதித்துப் பார்த்தவன்தான். தோல் நனையட்டும் என்றான், நனைந்தது. காயட்டும் என்றான், காய்ந்தது. அதோடு எழுந்து சண்டைக்குப் போய்விட்டான். இவர் அந்தத் தோலை இந்நேரம் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

"ஆண்டவர்கிட்ட குடுக்குறீங்க, அவர் செஞ்சும் குடுத்துடறார். உடனே அதப் பிடுங்கி ராவ ஆரம்பிச்சுடுறீங்க. உங்களுக்கு வேல செஞ்சு குடுக்குறது அவருக்கே அலுத்துப்போயிருக்கும்," என்பாள் மனைவி.

"எனக்கு நம்பிக்கை இல்லாதது என் மேலதான்மா. ஆண்டவர் மேல இல்ல."

"அவர் உங்க கையாலதானே செய்யறாரு? வேற யார் கையாலயாவது செய்யறாரா?"

அவர் தண்ணீர் குடிக்கப் போவார்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் டாக்டரம்மா பின்னறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார். அவர் கதவைச் சாத்தினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. திரும்பி வர்ற செட் ரொம்ப ஆயிடுச்சு. முழு செட் எல்லாம் இனிமே வெளியில பெரிய லேப்ல குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க பிளாஸ்டர் ஊத்தி, அச்ச மட்டும் தயார் பண்ணிக் குடுங்க, போதும்."

அவர் தலையாட்டினார். நியாயம்தானே என்றும் சொன்னார். தன்னைப் பற்றிப் பிறர் சொல்கிற எந்தக் கெட்டதும் அவருக்கு உடனே நியாயமாகத்தான் படும்.

"கையில இருக்குற ஒரு செட்ட மட்டும் முடிச்சுக் குடுங்க. அது நல்லபடியா நின்னுச்சுன்னா அப்புறம் யோசிப்போம். மாட்டிவிட்டதும் தொடக் கூடாது. அவங்க அழுதாலும் தொடக் கூடாது. நான் பார்த்துச் சொன்னாத்தான் மோட்டார்."

கையில் இருந்த அந்த ஒரு செட் யாருடையது என்பதில்தான் ஆண்டவரின் நகைச்சுவை இருந்தது. அது சபைப் போதகருடையது.

போதகர் சாதாரண ஆள் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு நடமாடும் அத்தாட்சி. அவர் பிரசங்கித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து ஆமென் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தூங்குவான். 'உன்னால் முடியும்' என்று ஒரு தொடர் பிரசங்கம் ஆரம்பித்து, அது ஓடிக்கொண்டே இருந்தது. பேனர் அடித்தார்கள், ஸ்டிக்கர் அடித்தார்கள். சபையில் எல்லாருக்கும் எல்லாம் முடிந்தது, நம்மவருக்கு மட்டும் வழக்கமாக முடிந்துகொண்டிருந்ததும் முடியாமல் போயிற்று. மனைவி ஒரு ஸ்டிக்கரைப் பயிற்சிக் காரில் ஒட்டினாள். அதைப் பார்த்து விசுவாசத்தில் நிரம்பிய ஒரு மாணவி காரை நேராகக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் ஏற்றினாள். மறுநாள் ஸ்டிக்கரைக் காணோம்.

அப்படிப்பட்ட போதகருக்கு ஈறு நோய். வேறு வழியில்லை என்று பல் முழுவதையும் எடுத்தாயிற்று. புண் ஆறுகிறவரை வீட்டோடு இருந்தார். உதவிப் போதகர் பிரசங்கித்தார். சின்ன வயசு, சாதுவான பேச்சு. ஜனம் முதலில் பொறுத்துக்கொண்டது, பிறகு பழகிக்கொண்டது, கொஞ்சம் விரும்பவும் ஆரம்பித்தது. போதகர் இதை வீட்டிலிருந்தே கேள்விப்பட்டார். பல் எப்போது வரும் என்று கிளினிக்குக்கு ஓயாமல் போன் வந்தது அதற்கப்புறம்தான்.

செட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மாட்டிவிட்டார். போதகர் கண்ணாடியில் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் இளமை மிச்சம் இருப்பதாக உணர்ந்து சந்தோஷப்பட்டார். அப்புறம் வாயை மூடினார். முகம் மாறியது. டாக்டரம்மா விவரமாக எடுத்துச் சொன்னார். வலிக்கும், பழகும், கழற்றாதீர்கள், திங்கட்கிழமை வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் பேசினால் போதும். கதவு இடுக்கில் நின்றிருந்த நம்மவருக்குக் கை துருதுருவென்று இருந்தது. பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம், கிளினிக் மூடியிருக்கும் வேளை பார்த்து, போதகர் இவர் வீட்டுக்கே வந்துவிட்டார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். இன்னொரு கைக்குட்டை சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள்தான் பல்.

சமையலறையில் உட்கார்ந்தார். பல் இல்லாத முகம் உள்வாங்கி, பேசப் பேசக் காற்று போயிற்று. பேனரில் இருக்கிற ஆள் இவர்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"பிரதர், வாய் முழுக்க ரணம். உசிர் போகுது. உங்ககிட்ட வீட்டுல ஒரு மோட்டார் இருக்காம், உங்க வீட்டு அம்மா சொல்லியிருக்காங்க. சுத்தி எல்லாப் பக்கமும் கொஞ்சம் ராவிக் குடுத்துடுங்க. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்."

மோட்டார் இருந்தது. கிளினிக்கில் கழித்துப்போட்டதை வாங்கிவந்து, ஆபத்துக்கு உதவும் என்று சமையல் மேசைக்குக் கீழே வைத்திருந்தார். மனைவி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவள் சித்தத்தை அறிவிக்கவில்லை.

"டாக்டரம்மா தொடக் கூடாதுன்னு..."

"உங்களுக்கு எப்பவும் இருக்குற தாழ்மைதான் இது. செய்யலாம் பிரதர். ஜெபிச்சிட்டு ராவுங்க."

மோட்டாரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒயரை மாட்டினார். அவ்வளவு தூரம் போய்விட்டார் என்பதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டு பேரும் தலை குனிந்தார்கள். போதகரின் ஜெபம் ஊரறிந்தது. ஆதியாகமத்தில் புறப்பட்டு வெளிப்படுத்தலில் வந்து நிற்கும். இவர் ஆற அமரக் கண்ணை மூடிக்கொண்டார். போதகர் வாய் திறந்தார். சொற்கள் வரவில்லை. வெறும் ஈறுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியும்?

"ஆண்டவரே," என்றார். "எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என்னை யாரும் கேக்க மாட்டாங்களோன்னு இருக்கு. ஆமென்."

நம்மவர் கண்ணைத் திறந்துவிட்டார். ஜெப வேளையில் கண் திறந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று கூரை அதிரக் கூவின மனிதர், உபதேசம் எல்லாவற்றையும் ஊருக்கே கொடுத்துவிட்டுத் தனக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு இரக்கமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கம், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

கைக்குட்டையைப் பிரித்து செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தப்பு எங்கே என்று தேடித்தான் பார்த்தார், வேறெதற்கும் அவர் தன் வேலையைப் பார்த்ததே இல்லை. ஓரம் சரியாக உருண்டிருந்தது. அண்ணம் மெல்லிசாக, சீராக இருந்தது. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தன. இன்னொரு தடவை திருப்பினார். நன்றாக இருந்தது. வேறு யாரோ செய்ததாக இருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லியிருப்பார்.

ஆதியிலே ஆண்டவர் அன்றன்று செய்ததைப் பார்த்தார், நல்லது என்று கண்டார், மறுநாள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். வெளிச்சத்தைத் திரும்பக் கூப்பிட்டு ஓரம் ராவவில்லை. அதை யாரும் பெருமை என்று சொன்னதும் இல்லை. இத்தனை வருஷம் இந்த இடத்தை வாசித்திருக்கிறோமே, இது பல்செட்காரனுக்கு எழுதினது என்று தோன்றவே இல்லையே என்று நினைத்துக்கொண்டார். கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது. கிடைத்ததையெல்லாம் இவர் தேய்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு, அதற்குத் தாழ்மை என்று பெயரும் வாங்கியிருக்கிறார்.

"பாஸ்டர்," என்றார். "இது சரியாத்தான் இருக்கு."

"என்னது?"

"செட்டு சரியாத்தான் இருக்கு. நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

சொன்ன பிறகு, யார் பேசியது என்று அவரே பக்கத்தில் பார்த்தார்.

"வலிக்குதுங்குறேன் பிரதர்!"

"வலிக்கும் பாஸ்டர். பழகணும்."

"பழகணுமா? நான் என்ன செருப்பா வாங்கியிருக்கேன்?"

"போன வருஷம் நீங்கதான் சொன்னீங்க, பாடு சகிக்காம பலன் இல்லன்னு."

வாசற்படியில் ஏதோ சத்தம் கேட்டது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போதகர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு நான் மேடையில நின்னு பேச முடியாம அவமானப்பட்டா? அதுக்கு யாரு பொறுப்பு?"

பொறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மவர் கால்கள் வழக்கப்படி பின்னால் போகப் பார்த்தன. பின்னால் அடுப்பு மேடை இருந்தது. போக இடமில்லை.

"நான்தான்," என்றார்.

போதகர் பல்லைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம்கூடச் சொல்லாமல் படியிறங்கினார். அவர் போனதும் நம்மவர் நாற்காலியில் சரிந்தார். தைரியம் வந்த வேகத்தில் போய்விட்டது. தப்பாக இருந்தால்? நான் யார் சொல்வதற்கு? சபை முன்னால் அந்த மனிதர் தடுமாறினால், ஞாயிறோடு மரியாதை போச்சு, திங்களோடு வேலை போச்சு. மனைவி வந்து மோட்டார் ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள்.

"ஓடிப்போய்க் கூப்பிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"காலு இருக்கு, போங்க. நான் தடுக்கல."

போகவில்லை. விசுவாசத்தில் உட்கார்ந்திருந்தார் என்று எழுத ஆசைதான். எழுந்தால் ஓடிவிடுவோம் என்ற பயத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் ஆண்டவர் விசுவாசம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் அந்த விஷயத்தில் தாராளம்.

ஞாயிறு காலை கோயில் நிரம்பி வழிந்தது. போதகர் திரும்புகிறார் என்று புதுத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். நம்மவர் கடைசி பெஞ்சுக்குப் போகப் பார்த்தார். மனைவி முழங்கையால் தள்ளி நடுவில் உட்காரவைத்தாள். போதகர் மேடை ஏறினார். பல் மாட்டியிருந்தார். அந்த மட்டும் ஸ்தோத்திரம்.

முதல் வாக்கியம் வந்தது. விசுவாசம் என்ற சொல் விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டன. இரண்டாவது வாக்கியத்தில் போதகர் நின்றார், எச்சிலை விழுங்கினார், கண்ணில் தண்ணீர் கட்டியது. சபை அதை அபிஷேகம் என்று நினைத்து ஆமென் போட்டது. மூன்றாவது வாக்கியம் பாதியில் நின்றது. போதகரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கைக்குட்டை வெளியே வந்தது, வாய்வரை போயிற்று. கழற்றப் போகிறார் என்று அந்தக் கோயிலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்தது.

கழற்றினால் முடிந்தது. திரும்பப் போடமாட்டார். வலிக்காத செட்டுக்காக வேறெங்காவது போவார், அவர்கள் ராவித் தருவார்கள்.

கைக்குட்டைக்கு மேலே போதகரின் கண்கள் அத்தனை தலைகளையும் தாண்டி வந்து இவரைப் பிடித்தன. கெஞ்சின. நம்மவர் சபை நடுவே, இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். காணிக்கைப் பை தூக்கவே பாத்திரன் இல்லாதவர், பிரசங்க பீடத்தில் நிற்கிற போதகரைப் பார்த்து, ஊர் பார்க்க, கூடாது என்று தலையை ஆட்டினார். ஒரு தடவை போதாதென்று இரண்டாம் தடவையும் ஆட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏதோ உபதேசத் தகராறு என்று மூப்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

போதகர் கைக்குட்டையை இறக்கினார். மடித்தார். பையில் வைத்தார்.

"இன்னிக்கு நான் மெதுவாத்தான் பேசுவேன்," என்றார். "கொஞ்சமாத்தான் பேசுவேன். வாய் வலிக்குது. யாரு செஞ்ச பல்லுன்னு சொல்ல மாட்டேன்."

சபை முழுவதும் திரும்பி, நின்றுகொண்டிருந்த ஒரே ஆளைப் பார்த்தது. அவர் உட்கார மறந்துபோயிருந்தார்.

பிறகு போதகர் ஒரு சொல், அப்புறம் ஒரு சொல் என்று வைத்து வைத்துப் பேசினார். கூவ முடியாததால் கூவவில்லை. வலிக்கிறது என்பதால் தேவையில்லாத வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. பேதுரு கடல்மேல் நடந்தது பெரிய காரியம்தான், முழுகும்போது கத்தினானே அதுவும் காரியம்தான் என்றார். நானும் வீட்டில் இருந்த நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன் என்றார். நிறுத்திக்கொண்டார். சாப்பாடு ஆறுவதற்கு முன்னால் ஜனங்கள் வீடு போய்ச் சேர்ந்தது அந்தச் சபைக்குப் புது அனுபவம். பலர் அன்றைக்கு விசேஷித்த பிரசன்னத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

வாசலில் கைகுலுக்கி முடிந்ததும் போதகர் இவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். திட்டு விழும் என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து வாய் முழுக்க வலிச்சுது பிரதர். இப்ப இந்த ஒரே இடத்துலதான்," என்று கடைவாய்க்கு நேரே கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "மத்த எடமெல்லாம் என்ன ஆச்சு?"

பழகிவிட்டது. செட் உட்கார்ந்துவிட்டது. ஒரே இடம் மிச்சம் என்றால், செய்தவன் சரியாகச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. நம்மவருக்கு அது தெரியும். தன் செட்டைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டது இல்லை, பழகுகிற அளவுக்கு அவர் எதையும் ராவாமல் விட்டுவைத்ததில்லை.

"நாளைக்கு வாங்க பாஸ்டர்," என்றார். "சரிபண்ணிடறேன்."

திங்கட்கிழமை டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. செட்டில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து இவர் கையில் கொடுத்துவிட்டு, கூடவே பின்னறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். மோட்டார் உறுமியது. ஒரு தொடு. பென்சில் குறி போயிற்று. கை நின்றது. கை இன்னும் கேட்டது. பக்கத்தில் கொஞ்சம், இருக்கட்டும், உனக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது என்ற அந்தப் பழைய குரலும் தவறாமல் வந்தது, பெருந்தன்மையோடு, எதுவுமே நடக்காதது போல. அது போய்விடும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அவர் ஸ்விட்சை அணைத்தார்.

பின்னறை வாசலுக்கே வந்துவிட்ட போதகர் அதை மாட்டிக் கடித்துப் பார்த்தார். நாக்கால் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் எதுக்கும் இன்னொரு தடவை லேசா..."

"வேண்டாம் பாஸ்டர். நல்லா இருக்கு."

டாக்டரம்மா முன்பக்கம் போனார், அன்று காலை எடுத்த ஒரு கிழவியின் அச்சோடு திரும்பிவந்தார். மேலும் கீழும், முழு செட். அதை இவர் மேசைமேல் வைத்துவிட்டு, போகும்போது கதவைத் திறந்தே விட்டுப் போனார்.

அவர் பிளாஸ்டர் கரைத்தார். கரைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்க அழுதார், சிங்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தன் மேல் இருந்த இத்தனை வருஷக் கோபமும் கரைந்து போகிற மாதிரி அழுதார். நெடுநேரம் அழுதிருப்பார். ஆனால் கரைத்த பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது, இறுகிவிடும். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அச்சை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார்.